வெண்ணாழிக் கோட்டையில் ஒன்பதாம் படுக்கை

ஆட்டோவிலிருந்து இறங்கியபோதே பகவதிக்குக் கால் கனத்தது. முந்தின இரவு முழுவதும் வார்டில் நின்ற கால். காலையில் டியூட்டி முடிந்து, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு வந்து, சோறு வடித்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரமாவது கண்ணை மூடலாம் என்று படுத்தவளை மகள் ரேஷ்மி எழுப்பிவிட்டாள். இரண்டரை மணிக்கு டிக்கெட். கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்த கணவன் லிங்கத்துக்குத் திடீரென்று நாகர்கோவிலுக்குப் போக வேண்டி வந்துவிட்டது. அப்பா இல்லாவிட்டால் அம்மா இருக்கிறாளே என்பது பன்னிரண்டு வயதின் நியாயம்.

'வெண்ணாழி' என்ற அந்தத் தொடரை ரேஷ்மி மூன்று முறை முழுவதுமாகப் பார்த்திருந்தாள். அதில் வரும் குலங்கள், நாகங்கள், சாபங்கள் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வெண்ணாழிக் கோட்டையைத் திருவனந்தபுரத்திலேயே கட்டியிருக்கிறார்கள், அதற்குள் நடந்து போய்ப் பார்க்கலாம் என்று விளம்பரம் வந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. எங்கே என்று பகவதி விசாரிக்கவில்லை. பைபாஸ் ரோட்டில் என்று மட்டும் மகள் சொல்லியிருந்தாள்.

இப்போது அண்ணாந்து பார்த்தாள். ஃபைபரில் வார்த்த கரும்பாறைச் சுவர். வாய் பிளந்த நாகத்தலை வாசல். சிவப்புக் கொடிகள். கொடிகளுக்கு மேலே, மறைக்காமல் விட்டுவிட்ட நான்காம் மாடியில், பச்சைச் சட்டம் போட்ட ஜன்னல்கள் வரிசையாகத் தெரிந்தன.

அவள் நர்ஸாக எட்டு வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரி.

மூடி ஆறு வருஷமாகிவிட்டது. வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். பர்னிச்சர் கடைக்கோ கல்யாண மண்டபத்துக்கோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கு மகளிடம் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"அம்மா, வேகம் வா. நம்ம பேட்ச் உள்ள கேறப் போவுது" என்று ரேஷ்மி கையைப் பிடித்து இழுத்தாள்.

வாசலில் கறுப்பு அங்கியும் மார்க்கவசமும் போட்டு நின்றவன், நெஞ்சில் குத்தியிருந்த அட்டைப்படி, ஸ்ரீகுமார். அவன்தான் வாயில் காவலன். எட்டுப் பேரை ஒன்றாக நிறுத்தி, கையில் பட்டை கட்டி, மலையாளத்தில் விதிகளைச் சொன்னான். ஃபோனை அணைத்துவிட வேண்டும். எதையும் தொடக்கூடாது. முதல் மாடியின் கடைசியில் சத்திய வாசல் இருக்கிறது. யாரிடமும் சொல்லாத ஒரு உண்மையைச் சொன்னால்தான் அது திறக்கும். பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

உள்ளே இருட்டு. குளிர். புகை இயந்திரத்தின் இனித்த வாடை. ரேஷ்மி ஒவ்வொரு சிலையாகப் பெயர் சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். பகவதி சுவர்களைப் பார்க்காமல், பழைய கட்டடத்தின் அளவை நினைத்து நடந்தாள். பன்னிரண்டு அடி போனால் இடப்பக்கம் ஃபார்மசி. அங்கே இப்போது நீலத் தீ எரியும் குகை. லிஃப்ட் இருந்த இடத்தில் சங்கிலியில் தொங்கும் ராட்சதக் கூண்டு. வலப்பக்கம் திரும்பினால் ஸ்ட்ரெச்சர் தள்ளும் சரிவுப் பாதை. அதைப் பாசி படிந்த மலைப்பாதையாக மாற்றியிருந்தார்கள். சரிவு மட்டும் அதேதான். எத்தனை தடவை தள்ளி ஏறிய சரிவு என்பது அவள் முழங்காலுக்குத் தெரிந்திருந்தது.

மேலே ஆண்கள் பொது வார்டு.

அதைக் காடாக்கியிருந்தார்கள். கூரைவரை உயர்ந்த மரங்கள். எங்கிருந்தோ பறவைகளும் அருவியும் கேட்டன. இருபக்கமும் ஆறாறு மரங்கள், சம இடைவெளியில். கட்டில்களுக்கு இழுத்திருந்த வயரும் குழாயும் இருந்த இடங்களிலேயே விளக்கு மரங்களை நட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. பன்னிரண்டு கட்டில்களுக்குப் பன்னிரண்டு மரங்கள். அவள் எண்ணாமல் இருக்க முயன்றாள்.

கால் ஒரேயடியாகக் கடுத்தது. வழியோரம் வேர் போலச் செய்த திண்டு ஒன்று இருந்தது.

"நீ அவங்ககூடப் போ மக்களே. ஒரு நிமிஷம் இருந்துட்டு வாறேன்."

ரேஷ்மி தலையாட்டிவிட்டு ஓடினாள். பிள்ளைகளின் சிரிப்பு மரங்களுக்கிடையே போய்த் தேய்ந்தது. பகவதி ஹேண்ட்பேக்கை மடியில் வைத்து, தலையை மரத்தில் சாய்த்தாள்.

கண் விழித்தபோது பறவைகள் இல்லை.

அருவி இல்லை. ஏ.சி.யின் இரைச்சலும் இல்லை.

புகை வாடை போன இடத்தில் வேறொரு மணம் வந்திருந்தது. முதலில் டெட்டால். அதற்கடியில், வெயிலில் காயாத விரிப்பின் ஈரம். அதற்கும் அடியில், மெலிதாக, விபூதி.

டக்.

அவள் அசையவில்லை.

டக். டக்.

இரும்புக் கட்டிலின் கம்பியில் மோதிரத்தால் தட்டும் சத்தம். அந்தச் சத்தத்தை அவள் ஒன்பது வருஷமாகக் கேட்டதில்லை. ஆனாலும் தூக்கத்தில் கேட்டால்கூட எந்தக் கட்டில் என்று சொல்லிவிடுவாள்.

ஒன்பதாம் படுக்கை. வலியசாலை அக்ரஹாரத்துப் பட்டாபி. எழுபத்தாறு வயது. நெற்றி நிறைய விபூதி. இதயக் கோளாறு. கூப்பிடும் மணி கெட்டுப்போயிருந்ததால் மோதிரத்தால் கம்பியைத் தட்டுவார். தட்டிவிட்டு, தொந்தரவு கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரிப்பார். ஒருநாள் வரவேண்டிய இரண்டு நர்ஸுகள் வரவில்லை. இரவு முழுக்க வேலை செய்த பகவதியையே பகலிலும் நிற்கச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் அவர் தட்டினார். ஒரு வாய் ஜலம் வேண்டும் என்றார். இதோ வாறேன் மாமா என்றாள். மேஜையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள்.

எழுந்தபோது இருபத்தைந்து நிமிஷம் போயிருந்தது. அவர் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே, கை கூஜாவை நோக்கி நீண்டபடி கிடந்தார்.

யார் பக்கத்தில் இருந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் பிறகு சொன்னார். அதைக் கேட்பதற்கு முன்பே அவள் சார்ட்டில் எழுதிவிட்டிருந்தாள்: மூன்று மணி, நூறு மில்லி தண்ணீர் கொடுக்கப்பட்டது, நோயாளி நலம். அழுதுகொண்டு வந்த மகள் சுப்புலக்ஷ்மி, அப்பா கடைசியாக ஜலம் குடித்தாரா என்று கேட்டபோதும், குடித்தார் என்றாள்.

லிங்கத்திடம்கூட இதைச் சொன்னதில்லை.

டக். டக். டக்.

எழுந்தாள். எழாமல் இருக்க முடியவில்லை. நோயாளி தட்டினால் எழுந்து பழகிய உடம்பு. மரங்களைக் கடந்து நடந்தாள். காட்டின் கடைசியில், ஒன்பதாம் கட்டில் இருந்த இடத்துக்கு நேராக, சத்திய வாசல். இரண்டு ஆள் உயரக் கதவு. மூடியிருந்தது. தள்ளினாள். அசையவில்லை. அதற்கு அப்பால் ரேஷ்மி இருப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"கொழந்தே."

பக்கத்திலிருந்து வந்தது. அவளுடைய இடுப்பளவு உயரத்திலிருந்து. படுத்திருப்பவனின் வாய் இருக்கும் உயரம்.

"ஒரு வாய் ஜலம்."

"இதோ வாறேன் மாமா" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"எப்போ?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. காத்துக் காத்து அலுத்துப்போன குரல். அவளுடைய குரலைப் போலவே களைத்திருந்தது. ஓட வேண்டும் என்று நினைத்தாள். எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"உறங்கிட்டேன் மாமா" என்று முணுமுணுத்தாள். "வாறேன்னு சொல்லிட்டு உறங்கிட்டேன். தண்ணி குடுத்ததா சார்ட்ல எழுதினேன். உங்க மகள்கிட்டயும் அதையேதான் சொன்னேன்."

கதவு திறக்கவில்லை.

பைக்குள் கைவிட்டாள். மகளுக்காக வாங்கிய தண்ணீர் பாட்டில் அகப்பட்டது. மூடியைத் திறந்து, இருட்டுக்குள், அந்த உயரத்தில், சாய்த்துப் பிடித்தாள். இன்னொரு கையை, பழக்கத்தில், ஒரு பிடரியைத் தாங்குவதுபோல நீட்டினாள்.

கை எதன்மேலும் படவில்லை. ஆனால் விழுங்கும் சத்தம் கேட்டது.

ஒரு மடக்கு. இடைவெளி. இன்னொரு மடக்கு. வயதானவர்கள் தொண்டை வலிக்க வலிக்க விழுங்குவதுபோல.

பாட்டிலின் கனம் குறைந்துகொண்டே வந்தது.

காலடியில் ஒரு சொட்டு விழவில்லை.

முழுவதும் தீர்ந்த பிறகு, உலர்ந்த விரல்கள் நான்கு அவள் மணிக்கட்டின்மேல் வந்து உட்கார்ந்தன.

"இனிமே தூங்கிடாதே, கொழந்தே."

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஸ்ரீகுமார் டார்ச்சோடு எதிரே நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் சத்திய வாசல் அகலத் திறந்து கிடந்தது. அப்பால் வெயில் விழும் கூடத்தில், ரேஷ்மி மற்றப் பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நின்றாள்.

கேமராவில் பார்த்துத் தாங்கள்தான் பொத்தானை அமுக்கித் திறப்பதாக ஸ்ரீகுமார் சொன்னான். யாரும் பேசுவதைக் கதவு கேட்பதில்லை. மைக்கே கிடையாது. "சேச்சி வந்நப்போளே ஞான் துறந்நதா" என்றான். வந்தவுடனேயே திறந்துவிட்டானாம். பத்து நிமிஷமாகத் திறந்த கதவின் முன்னால், குனிந்து, யாருக்கோ தண்ணீர் புகட்டிக்கொண்டு அவள் நின்றாளாம். தமிழில் ஏதாவது குரல் பதிவு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றான். பிறகு தயங்கி, இந்தக் காட்டில் தனியாக நிற்க ஸ்டாஃப் யாருக்கும் பிடிப்பதில்லை என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டான்.

தரையைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

மறுநாள் வலியசாலைக்குப் போனாள். சுப்புலக்ஷ்மி அதே வீட்டில்தான் இருந்தாள். தலை நரைத்திருந்தது. வந்தது யாரென்று அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். பகவதி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சார்ட்டில் எழுதியது, வாயால் சொன்னது, இருபத்தைந்து நிமிஷம். கோட்டைக்குள் நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

சுப்புலக்ஷ்மி வெகுநேரம் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "அப்பாவோட டம்ளர் காஞ்சு கெடந்துது. நீங்களும் நிக்க முடியாம நின்னுண்டிருந்தேள். கேக்கவேண்டாம்னு விட்டுட்டேன்."

மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினாள். தெருவில் நடந்தபோது பகவதி அழுகை வரும் என்று நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது.

இப்போதைய ஆஸ்பத்திரியில் அந்த வாரம் அவளுக்குப் பகல் டியூட்டி. வியாழக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிந்திய அந்த மந்தமான நேரம். வார்டு முழுக்க அசந்து கிடந்தது. சார்ட்டின்மேல் குனிந்திருந்த பகவதியின் கண் எப்போது மூடியது என்று அவளுக்கே தெரியாது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். இரண்டு முறை. அழுத்தமாக.

துள்ளி எழுந்தாள். பக்கத்தில் எவரும் இல்லை. நான்காம் கட்டிலில் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக் கிழவரின் ஆக்சிஜன் குழாய் கழன்று விழுந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஓடினாள். குழாயைப் பொருத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, பத்து நிமிஷம் போராடிய பிறகு கிழவருக்கு மூச்சு சீரானது. இன்னும் இரண்டு நிமிஷம் தாமதித்திருந்தால் போயிருப்பார் என்றார் டாக்டர்.

எல்லாரும் போன பிறகு, கிழவரின் மனைவி முத்தாரம்மாள் மேஜைக்கு அருகில் வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பகவதியைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு பகவதியின் தோளுக்குப் பின்னால் பார்த்து, இன்னொரு கும்பிடு போட்டாள்.

"அவுகளுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றாள். "அவுகதான உங்கள எழுப்பிவிட்டது. உங்க அப்பாவா?"

பகவதிக்கு ஒன்பது வயதிலேயே அப்பா செத்துப்போனார்.

"யாரு?" என்றாள்.

"நெத்தி நெறைய திருநீறு பூசிக்கிட்டு. மூணு நாளா பாக்கேன், உங்க பின்னாலயேதான் நடக்காக. வயசான மனுசன். கால் கடுக்காதா? உக்காரச் சொல்லுங்கம்மா."

முத்தாரம்மாள் கணவரின் கட்டிலுக்குத் திரும்பிப் போனாள்.

பகவதி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற அளவுக்கு அவளிடம் தெம்பு இல்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் தன் பின்னால் போட்டாள். பிறகு சார்ட்டை எடுத்து, குழாய் கழன்ற நேரம், தான் தூங்கிப்போன நேரம், இரண்டையும் எழுதத் தொடங்கினாள்.

இரண்டாவது வரி எழுதும்போது, அவளுக்குப் பின்னால் நாற்காலியின் கால்கள் தரையில் லேசாகத் தேய்ந்தன. அப்புறம், ஒரு ஆளின் கனம் மெதுவாக இறங்குவதுபோல, பிளாஸ்டிக் நெரிந்தது.