மூன்று மணிக்கு நின்ற தறிகள்

அந்தக் கண்களை அவள் முதலில் பார்க்கவே இல்லை. பார்த்தது ரேடியோவைத்தான்!

காலரா பரவிய அந்த ஆண்டு, கிராம நர்சுகளை வரவழைத்து வகுப்பெடுக்க வழியில்லை. டாக்டர்கள் தினமும் மூன்று மணிக்கு ரேடியோவிலேயே பாடம் நடத்தினார்கள். முள்ளிப்பட்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ் ரேணுகாம்பாளின் டிரான்சிஸ்டர் அன்றைக்குப் பார்த்தா மழையில் நனைந்து ஊமையாக வேண்டும்? பாட்டுச் சத்தம் கேட்ட வீட்டுக்குள் விறுவிறுவென்று நுழைந்தவள், கேட்காமல் கொள்ளாமல் ஸ்டேஷனைத் திருப்பினாள்.

பட்டுத்தறியில் இருந்த அருணகிரி நிமிர்ந்தான். அம்மாடி... என்ன கண்கள்!

“தறிய கொஞ்சம் நிறுத்துங்க. பாடம் கேக்கல.”

“முகூர்த்தப் பொடவைங்க. நின்னுபோனா நீங்களா வந்து நெய்வீங்க?”

ஆனாலும் நிறுத்தினான். வாந்திபேதி கண்டவருக்குக் கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலந்து கொடுத்துக்கொண்டே இருங்கள், கண்ணீரை விட அதிகமாகக் கரிக்கக் கூடாது என்றது ரேடியோ. அவன் அம்மா காத்தாயிக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். பேதிக்காரனுக்குத் தண்ணீர் காட்டினால் உயிர் போய்விடும் என்பது அந்தத் தெருவின் சட்டம். இந்தப் பெண் இனி வாசலை மிதிக்கக் கூடாது என்றுவிட்டாள். அருணகிரி குனிந்து மறுபடி தறியை ஓட்டத் தொடங்கினான். ரேணுவுக்கு அதுதான் சுருக்கென்றது. போய்யா... உன் ரேடியோவும் வேண்டாம், உன் கண்ணும் வேண்டாம்!

அடுத்த வாரமே அவன் அப்பா சம்பந்தத்துக்கு வாந்திபேதி என்று சேதி வந்தது. ரோஷமாவது ஒன்றாவது... தண்ணீர் காட்டாமலே கொன்றுவிடுவார்களே என்று கொட்டும் மழையில் ஓடினாள்.

உள்ளே, அப்பாவின் தலையை மடியில் தாங்கி, கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டிருந்தான் அருணகிரி. சம்பந்தம் கண் திறந்து, இன்னும் வேண்டும் என்று கை காட்டினார். பக்கத்தில் அடுத்த செம்பைக் கலக்கிக்கொண்டிருந்தது... சாட்சாத் காத்தாயியேதான்!

மணி மூன்று. தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. ரேணு திகைத்து அருணகிரியைப் பார்த்தாள்.

“தெனம் இந்நேரத்துக்கு நிறுத்தச் சொல்லிகினு இருக்கேங்க. தெருவே பாடம் கேக்குது. நீங்கதான் வரல.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உப்பு சரியா என்று பார்க்கச் சொல்லி டம்ளரை நீட்டினான்.

“கண்ணீரு எப்டி கரிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க... நீங்க போன அன்னிக்குத்தான் தெரிஞ்சுகினேன்.”

ரேணு ஒரு வாய் குடித்தாள்.

“அளவு சரிதாங்க... ஆனா, இனிமே இந்த வூட்ல நான்தான் கலக்குவேன்.”

காத்தாயி சிரித்துக்கொண்டே ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.