குமிழி இல்லாத புட்டிகள்

"என் தண்ணிய யாரோ மாத்திட்டாங்க சார்," என்றாள் அந்தப் பெண், உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே.

துப்பறிவாளரின் மைத்துனருக்கு அது போதும். காப்பீடு விற்பது அவர் பிழைப்பு. ஆனாலும் அக்காள் கணவரிடம் வழக்கு வந்தது என்று காதில் விழுந்தால் போதும், கையில் இருக்கும் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவார்.

"யார் மேலம்மா சந்தேகம்? தயங்காம சொல்லு."

"மச்சான், முதல்ல அவங்க மூச்சு வாங்கட்டும்," என்றார் துப்பறிவாளர். அவருடைய நிதானத்தைப் பார்த்து அவர் மனைவி வைத்த பெயர் ஆமை. அவர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் நீரை ஆராய்பவள். பெயிண்ட் ஆலைக்குக் கீழே ஓடும் ஆற்றில் ஈயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதியிருந்தாள். அது அச்சுக்குப் போகும் நேரத்தில் ஆலை ஆட்சேபம் சொன்னது. பல்கலைக்கழகம் அவள் சேர்த்துவைத்த புட்டிகளில் ஒன்றைத் திறந்து மறுபரிசோதனை செய்தது. ஈயமே இல்லை. இப்போது அவள் எண்களை இட்டுக்கட்டினாள் என்று குற்றச்சாட்டு. மறுநாள் விசாரணை.

"வேலை போனா இன்னொண்ணு தேடிக்குவேன் சார். ஆனா நான் எழுதினது பொய்யின்னு முடிவு பண்ணிட்டா, அப்புறம் அந்த ஆத்தைப் பத்தி யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. கீழ்க்கரையில குழந்தைங்க அந்தத் தண்ணியத்தான் குடிக்குது."

"மீதிப் புட்டிகளை நீங்க பார்த்தீங்களா?"

"புட்டிங்க இருக்கிற குளிர் அறைப் பக்கமே என்னை விடலை."

"சரி. தண்ணிய எப்படிப் புட்டியில எடுப்பீங்க?"

மைத்துனர் நெளிந்தார். திருடனைப் பற்றிக் கேட்காமல் இதென்ன கேள்வி?

"கழுத்துக்குக் கீழ கொஞ்சம் இடம் விட்டு நிரப்புவேன். ஈயம் புட்டிச் சுவத்துல போய் ஒட்டிக்கும். அதனால கொஞ்சம் அமிலம் விட்டு நல்லாக் குலுக்கணும். முட்ட நிரப்பினா எப்படிக் குலுங்கும்?"

"அந்த அறைச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

அவளைத் தவிர மூன்று பேர். துறைத் தலைவர், வேதியியலில் பெயர் பெற்றவர். பதிவாளர், நிர்வாகத்தைப் பார்ப்பவர். மூன்றாமவர் மீன்களை ஆராயும் மூத்த பேராசிரியர். பிள்ளைகள் அவரை மீன் சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று மதியமே துறைத் தலைவரின் அனுமதியோடு துப்பறிவாளரும் மைத்துனரும் அவளுடன் போனார்கள். சாவி வைத்திருந்த மூவரும் குளிர் அறை வாசலில் காத்திருந்தார்கள். எல்லாரும் உள்ளே போனபோது அவளை மட்டும் விடவில்லை. அவள் நடைவழியில் நின்றாள்.

"பல்கலைக்கழகத்தோட நல்ல பேருன்னு ஒண்ணு இருக்குதில்ல," என்று பதிவாளர் ஆரம்பித்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு குளிரில் வேர்க்கிறதே என்று மைத்துனர் மனதில் குறித்துக்கொண்டார்.

"தனிப்பட்ட முறையில நான் அவள நம்பறேன்," என்றார் துறைத் தலைவர். "ஆனா தலைவரா உட்கார்ந்துட்டு அப்படிச் சொல்ல முடியாது."

மீன் சார் வெளியே எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

துப்பறிவாளர் திறக்காத புட்டி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். பெயர்ச்சீட்டு அவள் கையெழுத்தில் இருந்தது. ஆனால் அதன் ஒரு மூலை, நனைந்து காய்ந்ததுபோல் சுருங்கியிருந்தது. புட்டியை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்தார். மறுபடி நிமிர்த்தினார். அடுத்த புட்டியையும் அப்படியே செய்தார். உள்ளே எதுவும் அசையவில்லை.

"அந்தப் பதிவாளர்தான் அத்தான்," என்று மைத்துனர் காதோரம் முணுமுணுத்தார். "ஆலைக்காரன் கார்ல அவர் போனத நானே பார்த்திருக்கேன்."

"கார்ல போறது குத்தமா மச்சான்? நீங்க என் ஸ்கூட்டர்ல வந்தீங்க. நான் பண்ற தப்பெல்லாம் உங்களுதா?"

பிறகு துறைத் தலைவரின் அறைக்கு எல்லாரையும் அழைத்தார். அவளையும் உட்காரச் சொன்னார். ஒரு வாளித் தண்ணீரும் மூன்று காலிப் புட்டிகளும் கேட்டு வாங்கி மேசையில் வைத்தார்.

"ஒரு சின்ன வேலை. ஆத்துல தண்ணி எடுக்கிறதா நினைச்சு, ஆளுக்கு ஒரு புட்டி நிரப்பிக் கொடுங்க."

பதிவாளர் சிரித்தபடி புட்டியைத் தண்ணீரில் முக்கினார். பாதி அவர் சட்டையில் கொட்டியது. மூடியபோது பெரிய குமிழி ஒன்று புட்டிக்குள் உருண்டது. துறைத் தலைவர் கழுத்துக்குக் கீழே நிறுத்தினார். கை தானாகவே அமிலப் புட்டியைத் தேடி மேசையைத் துழாவியது. அவரே அதைப் பார்த்துப் புன்னகைத்தார்.

மீன் சார் புட்டியைச் சாய்த்து, மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார். சுவரில் விரலால் சுண்டினார். ஒட்டியிருந்த காற்றெல்லாம் வெளியேறியது. வாளிக்குள்ளேயே மூடியை இறுக்கினார். வெளியே எடுத்துத் தலைகீழாகச் சாய்த்துப் பார்த்தார், ஒரு குமிழியாவது இருக்கிறதா என்று.

சாய்த்த கை அப்படியே நின்றது.

 மைத்துனர் பதிவாளரையே பார்த்துக்கொண்டிருந்ததால், என்ன நடந்தது என்று அவருக்குப் புரியவே சற்று நேரமாயிற்று.

"தண்ணியில கரைஞ்சிருக்கிற காத்த அளக்கிறவர் நீங்க," என்றார் துப்பறிவாளர் மெதுவாக. "மீனு மூச்சு விடுற காத்து. புட்டிக்குள்ள ஒரு குமிழி தங்கினாலும் உங்க அளவு தப்பாயிடும். இந்தக் கைக்கு வேற மாதிரி நிரப்பத் தெரியாது. உள்ள இருக்கிற புட்டிகள் அத்தனையும் முட்ட நிரம்பியிருக்கு, குமிழியே இல்லை. இந்தப் பொண்ணு அப்படி நிரப்பியிருக்க மாட்டா. தலைவர் செஞ்சிருந்தா இடம் விட்டு, அமிலமும் விட்டிருப்பார். பதிவாளருக்கு இவ்வளவு சுத்தமா நிரப்ப வராது. பேர்ச்சீட்ட நனைச்சு உரிச்சுப் புதுப் புட்டியில ஒட்டினதும் நீங்கதான்."

மீன் சார் புட்டியை மேசையில் வைத்தார். ஓசை வராமல் வைத்தார்.

"என்கிட்ட படிக்கிற பிள்ளைங்க அத்தனை பேருக்கும் உதவித்தொகை அந்த ஆலை கொடுக்குது," என்றார். "கட்டுரை வந்தா நின்னுடும்னு பதிவாளர் சொன்னார். பாதிப் படிப்புல அதுங்க எங்க போகும்னு நினைச்சேன்."

"நான் சும்மா பேச்சுவாக்குல சொன்னது," என்றார் பதிவாளர்.

"அந்தப் பேச்சு என்கிட்டயும் வந்தது," என்றார் துறைத் தலைவர் தரையைப் பார்த்து. "ஒரு ஆட்சேபம் வந்ததும் கட்டுரைய நிறுத்தினது நான்தான். அவ சொன்னது சரியா தப்பான்னு நான் பார்க்கலை. யாருக்குப் பிடிக்காதுன்னு பார்த்தேன்."

"போலீஸக் கூப்பிடலாமா அத்தான்?" என்றார் மைத்துனர்.

"இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு மச்சான்." துப்பறிவாளர் நாற்காலியை மீன் சார் பக்கமாக நகர்த்திக்கொண்டார். "பழைய தண்ணிய என்ன பண்ணீங்க?"

மீன் சார் தன் புட்டியை மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"வாசல்ல நின்னவகிட்ட சாப்பிட்டியான்னு கேட்டவர் நீங்க. அடுத்தவ உழைச்சுக் கொண்டுவந்த தண்ணியச் சாக்கடையில ஊத்த உங்களுக்குக் கை வந்திருக்காதுன்னு நான் நம்பறேன். கடவுள் அந்த அளவுக்கு ஒரு மனுஷனக் கை விட்டுற மாட்டார்."

மீன் சாரின் கண்கள் நிரம்பின. "என் மீன் தீவன அறையில, பெட்டிக்குப் பின்னால இருக்கு. கொட்டத்தான் போனேன். ரெண்டு தடவை போனேன். முடியலை."

துறைத் தலைவர் எழுந்தார். "எல்லார் முன்னாலயும் இப்பவே திறந்து பார்ப்போம். ஈயம் இருந்தா கட்டுரை அச்சுக்குப் போகும். இல்லாட்டியும் அவ என்ன எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன்."

"உதவித்தொகை நின்னா யார் சார் பொறுப்பு?" என்றார் பதிவாளர்.

 அது நியாயமான கேள்விதான் என்று மைத்துனருக்கே பட்டது. சற்று முன்வரை அந்த மனிதரைத் திருடன் என்று நினைத்திருந்ததை எண்ணி அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மீன் சார் வாசலை நோக்கி நடந்தார். "புட்டிய எடுக்கிறதுக்கு முன்னால, பிள்ளைங்ககிட்ட நானே சொல்லிடறேன். வேற யார் மூலமாவும் அதுங்க காதுக்குப் போகக் கூடாது."

கதவருகே அவருடைய கால்கள் தயங்கின. அடுத்த அறையில் மாணவர்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன.

அவள் எழுந்தாள். தன் நாள்களையும் தூக்கத்தையும் பறித்த மனிதரின் அருகே போய் நின்றாள். கோபம் முகத்தில் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"நானும் வர்றேன் சார்," என்றாள். "தனியாப் போய் நிக்காதீங்க."

இருவரும் சேர்ந்து உள்ளே போனார்கள். சிரிப்புச் சத்தம் மெல்ல அடங்கியது. பின்னாலேயே போகப் புறப்பட்ட மைத்துனரின் கையைப் பிடித்து உட்காரவைத்தார் ஆமை.