இடது பாதி

நவம்பர் 4, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அசுவினிப் பூச்சியின் வலது பாதியை மட்டும் பார்த்து வரைந்தேன். பிறகு தாளை மடித்து, விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, இடது பாதியை அதிலிருந்தே நகல் எடுத்துவிட்டேன். பூச்சி வரைகிறவர்கள் பலரும் செய்வதுதான். ஆனால் வகுப்பு எடுக்கும் மேடம் தாளை ஒரு தடவை பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"இடது பக்கத்தப் பாத்தியா, இல்ல வலது பக்கத்துக்கிட்டயே கேட்டுக்கிட்டியா?"

சோடாபுட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வகுப்பில் என் கூட்டாளி அவன். அவனுடைய கண்ணாடியின் தடிமனைப் பார்த்து வகுப்பே வைத்த பெயர் அது. அவன் அளக்கிறான், நான் வரைகிறேன். அவனுக்குத் தட்டை வைத்து வரைந்தாலும் வட்டம் வராது.

"சிரிக்காத. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்," என்றார் மேடம். "இருக்கற ஸ்லைடுலயே இது ஒண்ணுதான் முழுசு. புது இனத்தோட பேரு இது தலையிலதான் நிக்கப்போகுது. ரெண்டு பக்கமும் பாத்து வரை."

அருங்காட்சியகத்தின் பின்கட்டில், பூச்சி அறையில் நடக்கிறது எங்கள் மாலை வகுப்பு. எந்த இனம் என்று யாருக்கும் தெரியாத ஒரு பெட்டி அசுவினிகளை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எள்ளில் பாதி அளவு இருக்கும் செடிப்பேன்கள், கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிசினில் பதித்தவை. பதித்தது யார் என்று தெரியவில்லை. தகட்டில் "இலையின் அடியில்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்த இலை என்றுகூட இல்லை.

வகுப்பு முடிந்ததும் ஒருவரை இங்கேயே ஓவியராக எடுத்துக்கொள்வார்கள். இந்தப் படத்தை வைத்துத்தான் முடிவு. பகலில் நான் செருப்புக் கடையில் அடுத்தவர் பாதங்களை அளந்துகொண்டிருக்கிறேன். எனக்கு இந்த வேலை வேண்டும். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு வேண்டும்.

மறுபடி உட்கார்ந்தேன். எங்கள் நுண்ணோக்கியின் பக்கவாட்டில் ஒரு வரைகுழாய் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஆடி, மேசையிலுள்ள தாளையும் நம் கையையும் கண்ணுக்கு எடுத்து வருகிறது. பூச்சியின் மேலேயே நம் பென்சில் நகர்வதுபோலத் தெரியும். கோட்டின் மேல் கோடாகப் போட்டுக்கொண்டே போகலாம். தாளின் மேல் விளக்கு எரியவேண்டும். இல்லையென்றால் கை தெரியாது.

கண் வலித்தது. தாளின் மேலிருந்த விளக்கை அணைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். தேன் நிறத்தில் உடல். முதுகின் பின்பக்கம் இரண்டு குழல்கள். வயிற்றுக்குள் பிறக்காத குஞ்சுகள், கண்கள் மட்டும் கறுப்பாக. ஆணே இல்லாமல் குஞ்சு போடுகிற சாதி இது.

கிராம்பு எண்ணெய் வாசம் வந்தது. தகடு பதிக்கும்போது பூசுகிற எண்ணெய். பல வருடங்களுக்கு முன்பே காய்ந்திருக்க வேண்டியது.

அப்புறம் இடது ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது.

பென்சில் பிடித்த கை. நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. அவசரமில்லாமல், இடது உணர்கொம்பின் அடியிலிருந்து நுனிவரை ஒரே கோடாகப் போனது.

தலையை நிமிர்த்தினேன். மேசையில் யாரும் இல்லை. பென்சில் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது. தாளில் இடது உணர்கொம்பு இருந்தது.

அசதியில் நானே வரைந்து மறந்திருப்பேன். எனக்கு என் கண்மேல் எப்போதும் சந்தேகம்தான். அப்படித்தான் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

மேடம் அந்த உணர்கொம்பை உருப்பெருக்கியால் நெடுநேரம் பார்த்தார்.

"இப்படி வரையத் தெரிஞ்சவளா நேத்து மடிச்சு நகல் எடுத்த?"

தாளை வாங்கிக்கொண்டு என் மேசைக்குப் போனேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"என்ன ஓவியரே, இனிமே நாங்கல்லாம் உன் கண்ணுக்குத் தெரிவோமா?" என்றான் சோடாபுட்டி.

"உனக்கே உன் கண்ணாடிய எடுத்தா யாரையும் தெரியாது. வேலையப் பாரு."

அவன் தன் நுண்ணோக்கிக்குப் போனதும் நான் முறையாகச் சோதித்தேன். விளக்கை ஏற்றி என் வலது கையை ஆடிக்குக் கீழே நீட்டினேன். தாள் தெரிந்தது. விளக்கின் வெளிச்சம் தெரிந்தது. விரல்களை விரித்தேன், மடக்கினேன்.

என் கை தெரியவில்லை.

ஆடியைத் துடைத்தேன். விளக்கை நகர்த்தினேன். மறுபடி பார்த்தபோது கிராம்பு வாசம் தொண்டைவரை இறங்கியது. அந்தக் கை வந்துவிட்டது. இடது கை. கட்டை விரல் இருந்த பக்கத்தை வைத்து உறுதி செய்துகொண்டேன்.

எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் அது நன்றாக வரைந்தது. கால்களின் மயிர்களை ஒவ்வொன்றாக, என்னால் ஒருநாளும் முடியாத மென்மையுடன். காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வரையட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து சோடாபுட்டியைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டேன். நான் நகர்ந்து இடம் கொடுக்க, அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தான்.

"நல்லாத்தானே வரையற. நிறுத்தாத, அப்படியே போ."

"நான் வரையல," என்றேன். இரண்டு கைகளையும் அவன் தோளின் மேல் வைத்தேன்.

அவன் மெதுவாக நிமிர்ந்தான். என் கைகளைப் பார்த்தான். பிறகு சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

"ஏய், என் பவருக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியும், ரெண்டு நாலாத் தெரியும். என்னப் போய் சாட்சிக்குக் கூப்பிடறியே."

அதற்குப் பிறகு அவன் என் மேசைப் பக்கம் வரவில்லை.

வீட்டில் அக்கா குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வெளியே வந்தாள். வாசலில் ஒட்ட, 'மணி அடிக்க வேண்டாம், குழந்தை தூங்குகிறது' என்று ஒரு அட்டையில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்னடி இது கூத்து? எப்ப இருந்து இடது கையால எழுதற?"

குனிந்து பார்த்தேன். பேனா இடது கையில் இருந்தது. எழுத்து அச்சுப்போல் அழகாக இருந்தது.

"சும்மா பழகிப் பாக்கறேன்."

"இதயே பழகு. உன் பழைய கோழிக்கிறுக்கலுக்கு இது எவ்வளவோ தேவல."

வலது கை மேசையில் மரத்துப்போய்க் கிடந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறையைப் போல.

நவம்பர் 6, வியாழன்

என்ன ஆனாலும் மிச்சத்தை என் கையால்தான் வரைவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். படம் மோசமாக வந்தால் வரட்டும். வேலை போனால் போகட்டும், கை எனக்கு வேண்டும்.

வரைகுழாயைத் திருகிக் கழற்றி அலமாரியில் வைத்தேன். கண்வில்லையில் கட்டம் போட்ட கண்ணாடி வட்டு ஒன்றைப் பொருத்தினேன். கட்டம் கட்டமாகப் பார்த்து, கட்டத்தாளில் வரைகிற பழைய முறை. இதில் ஆடி இல்லை. மேசையிலிருந்து எதுவும் உள்ளே தெரிய வழியில்லை.

வலது கையில் மெதுவாக உணர்வு திரும்பியிருந்தது. முதல் கோடு நடுங்கியது. இரண்டாவது பரவாயில்லை. இடது குழலின் விளிம்பை வரைந்து முடித்தேன். கோணல்தான், ஆனால் என்னுடையது.

கண்ணை மறுபடி கண்வில்லைக்குக் கொண்டுபோனேன்.

கை அங்கே இருந்தது.

ஆடி இல்லாமல். விளக்கு இல்லாமல். பூச்சியின் பக்கத்தில், அதே பிசினுக்குள், கண்ணாடிக்கு அடியில்.

அது வரையவில்லை. அசையாமல் இருந்தது. பிறகு பென்சிலின் நுனி மேல்நோக்கித் திரும்பியது.

குவியம் மாற்றும் திருகை நான் தொடவில்லை. ஆனால் பூச்சி மங்கியது. நுனி தெளிந்தது. பிறகு நுனியும் மங்கி, பெரிதாகி, கறுப்பாகி, இன்னும் மேலே வந்தது.

என் கண்ணை நோக்கி.

பின்னால் சாய்ந்ததில் நாற்காலியோடு விழுந்தேன். மேடம் ஓடி வந்தார். சோடாபுட்டி என்னைத் தூக்கி உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து, கர்ச்சீப்பை நீட்டினான்.

"இமையில என்ன, பென்சில் கோடா?"

துடைத்தேன். கர்ச்சீப்பில் கரி ஒட்டியது. கண்வில்லையின் வெளிப்பக்கத்திலும் ஒரு புள்ளி இருந்தது.

மேடத்திடம் சொல்லிவிட்டேன். "மேடம், அந்த இடது பாதி நான் வரைஞ்சது இல்ல."

"அப்ப யாரு வரைஞ்சது?"

கண்வில்லையைக் காட்டினேன்.

"நாளைக்கு அச்சுக்குப் போகணும். யாரு வரைஞ்சதுன்னு தெரியாத படத்த எப்படி அனுப்ப?" அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகம் இருந்தது. "நீ வீட்டுக்குப் போ. தம்பி, நீ உக்காரு. குழாய மாட்டிக்கோ. முதல்லேருந்து எடு, எவ்வளவு வருதோ வரட்டும். மிச்சம் காலைல."

"நானா மேடம்? நான் கோடு போட்டா பூச்சி தற்கொலை பண்ணிக்கும்."

"அது ஏற்கெனவே செத்துத்தான் இருக்கு. உக்காரு."

கிளம்பும்போது அவன் காதருகே குனிந்தேன். "உக்காராத. ஏதாவது சொல்லித் தப்பிச்சுக்கோ."

"வேலை எனக்குப் போயிடும்னு வயித்தெரிச்சலா?" என்று கண்ணடித்தான். ஆனால் கை, நான் திருப்பிக் கொடுத்த கர்ச்சீப்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

வகுப்பு முடிகிற நேரத்துக்கு வீட்டிலிருந்து அவனுக்கு ஃபோன் செய்தேன். எடுத்ததுமே உற்சாகமாகப் பேசினான்.

"நீ நம்பமாட்ட! நல்லா வருது. மேடமே பாத்துட்டு வாயப் பொளந்துட்டாங்க. என் கை ஏனோ உள்ள தெரியமாட்டேங்குது, குத்துமதிப்பாத்தான் போட்டேன். ஆனா வருது."

அவன் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. காகிதத்தில் பென்சில் உரசுகிற சத்தம். நிதானமாக.

"போதும், நிறுத்து," என்றேன். "பேசும்போதாவது வரையறத நிறுத்து."

"வரையறதா? எப்பவோ மூடி வச்சாச்சு. மேடம்கூடக் கிளம்பிட்டாங்க. ரெண்டு கையிலயும் ஸ்லைடு தட்டு, உன்னை ஸ்பீக்கர்ல போட்டு மேசைல வச்சிருக்கேன்."

சத்தம் நிற்கவில்லை.

"வெளிய வா," என்றேன். "தட்ட அப்படியே வச்சுட்டு வெளிய வா. கேள்வி கேக்காத."

அவனுக்கும் அது கேட்டுவிட்டது என்று நினைக்கிறேன். தட்டை வைக்கும் ஓசை, ஓடும் காலடி, கதவு. அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு போகவில்லை.

இணைப்பை நான் துண்டிக்கவில்லை. காலியான அந்த அறையில் பென்சில் இன்னும் கொஞ்ச நேரம் உரசிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. ஃபோனுக்கு மிக அருகில் யாரோ மூச்சால் ஊதினார்கள், தாளிலிருந்து கரித்தூளை ஊதிவிடுவதைப் போல.

அக்காவின் ஃபோனிலிருந்து கூப்பிட்டு, அவன் வீடு சேர்ந்துவிட்டான் என்று அவன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வந்ததிலிருந்து வலது கை மரத்துப் போச்சு என்று தேய்த்துக்கொண்டே இருக்கிறானாம். காலையில் மிச்சப் படத்தை வரையப் போகவேண்டும், அலாரம் வை என்றும் சொன்னானாம்.

நாளை செய்ய வேண்டியது: கடைக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். அருங்காட்சியகம் திறக்கும்போதே போய், அவன் வருவதற்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அவன் அதில் உட்கார வேண்டிவராதபடி, இடது பாதியை என் வலது கையால் வரைந்து முடிக்க வேண்டும்.