பாதிநாள் வீடு

மூன்று மணிக்கு அன்றைய வேலை முடிந்ததாகத் திரையில் செய்தி வந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கோமதிநாயகம் இரண்டாவது டீக்குப் போனார். நாலு பேர் கேரம் பலகையை இழுத்துப் போட்டார்கள். மேனேஜர் நல்ல மனுஷர்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டால் எந்த மேனேஜருக்குத்தான் மனசு கேட்கும்? நாளைய வேலையைப் பிரித்து இன்றைக்கே கொடுத்துவிட்டார். அந்தச் சரக்கு அலுவலகத்தின் வேலைநாள் இப்படித்தான் பதினொரு மணி நேரமாக நீண்டது. யாரும் யாரையும் அடித்து வேலை வாங்கவில்லை. ஏழு மணிவரை போக்கிடம் இல்லை, அவ்வளவுதான்.

ஊரில் நிலம் தீர்ந்தபோது வீட்டு வாரியம் கொண்டுவந்த ஏற்பாட்டுக்குப் பாதிநாள் உரிமை என்று பெயர். ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பம். காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை பகல் வீட்டார், அதன்பின் இரவு வீட்டார். ஒருவர் முன்வாசலில் நுழையும்போது மற்றவர் பின்வாசல் வழியாக லிஃப்டுக்குப் போய்விட வேண்டும். முகம் பார்த்துக்கொண்டால் சண்டை வரும் என்று வாரியம் பயந்தது. முகம் பார்க்காவிட்டால் என்ன வரும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அங்கயற்கண்ணிக்கும் அவள் கணவன் இளங்கீரனுக்கும் இரவுப் பாதி. பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கும் வீட்டில் மதிய வெயில் எந்தச் சுவரில் விழும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

பகல் வீட்டுக்காரியின் பெயர் ஜெசிந்தா. அடுப்படித் துண்டுச்சீட்டுகளில் தெரிந்த பெயர். காலையில் அங்கயற்கண்ணி அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டுவிட்டுப் போவாள். ஜெசிந்தா ஆட்டி, இரண்டு பாத்திரத்தில் பங்கிட்டு வைத்துவிட்டு இரவு வேலைக்குப் போவாள். ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு பெண்கள் ஒரே மாவில் இட்லி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

தை மாதம் குப்பைக்கூடையில் மாங்காய்த் தோலாகக் குவியத் தொடங்கியது. குளியலறையில் டெட்டால் நெடியையும் மீறி வாந்தி வாடை. "அவளுக்கு மசக்கைங்க" என்று அங்கயற்கண்ணி கணவனிடம் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அன்றைக்கு அவள் மனசில் கள்ளம் இல்லை.

பிறகு பகல் வீட்டார் தாமதிக்க ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அப்போதெல்லாம் கதவறிவி, ஊர் வழக்கில் சொன்னால் பேசும் கதவு, கேட்கும்: "பகல் வீட்டார் இன்னும் வெளியேறவில்லை. பொறுக்கிறீர்களா?"

"பொறுத்தேன்" என்று சொன்னால் தாமதம் அழிந்துவிடும். இரண்டு நிமிஷத்துக்குள் சொல்லாவிட்டால் தாமதித்தவர் பேரில் ஒரு மீறல். அந்தக் கணக்கைக் கதவு வெளியே நிற்பவருக்கு மட்டும்தான் சொல்லும்; தாமதித்தவர் காதுக்கு மூன்றாவதுதான் எட்டும். வருஷத்தில் மூன்று மீறல் ஆனால் உரிமை மொத்தமும் மற்றவருக்கு. தோற்ற குடும்பம் காத்திருப்போர் கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே அடுத்த பாதிவீடு கிடைக்க ஆறு வருஷம் ஆகும்.

முதல்முறை சொல்லத் தவறியபோது அவள் நிஜமாகவே போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மீறல் ஒன்று" என்று கதவு சொன்னபிறகுதான் பதறினாள். ஆனால் அன்றிரவு படுக்கையில் ஒரு நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. மதியம் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே, தன் வீட்டில், ஒரு மணி நேரத் தூக்கம். வேறொன்றும் வேண்டாம். இடுப்புவலிக்காரி அவள், நாற்காலியில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து தேய்ந்தவள். ஆசை யாரைத்தான் விட்டது?

இரண்டாம்முறை, சும்மா இருந்தால் என்ன ஆகிறது பார்ப்போமே என்று இருந்தாள்.

மூன்றாம்முறை எல்லாம் தெரிந்தேதான் நின்றாள். உள்ளே பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது. யாரோ மூச்சு வாங்கினார்கள். கதவு கேட்டது. நாக்கு நுனியில் வார்த்தை இருந்தது. அவள் கைப்பையின் ஜிப்பை மூடி, திறந்து, மறுபடி மூடினாள்.

"மீறல் மூன்று. இனி இது உங்கள் முழுநாள் வீடு. வாழ்த்துகள்."

பின்வாசல் சாத்தும் சத்தம் கேட்டது. அடுப்படியில் மாவு ஒரே பாத்திரத்தில் இருந்தது. பக்கத்தில் சீட்டு.

"அக்கா, இப்பல்லாம் கிரைண்டர்லேருந்து மாவ வழிக்கக் குனிய முடியல. அதான் நேரமாயிடுச்சு. உங்க மாவ மட்டும் முதல்ல எடுத்து வச்சிட்டேன், எங்களுது நாளைக்கு. நீங்க பொறுத்துக்குவீங்கன்னு தெரியும். ஜெசிந்தா."

அங்கயற்கண்ணி கிரைண்டர் மூடியைத் திறந்தாள். உள்ளே மிச்ச மாவு வழிக்காமல் கிடந்தது.

இளங்கீரன் வந்ததும் கேட்டான். "நீ பொறுத்தேன்னு சொல்லலியா?"

"சொன்னேங்க. கதவுக்குக் கேக்கல போல."

அவன் கிரைண்டரில் கிடந்த மாவைப் பார்த்தான். பிறகு கை கழுவப் போய்விட்டான். அன்றைக்கு இருவருமே இட்லி தின்னவில்லை.

மறுநாள் வாரியத்துக்குப் போய், திருப்பிக் கொடுக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். மீறலை அழிக்க விதி இல்லை என்றார்கள். ஜெசிந்தா எந்தக் கூடத்தில் இருக்கிறாள் என்றும் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் அவள் எழுந்தாள். கேரம் ஆடியவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். வீட்டில் வெயில் கிழக்குச் சுவரில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் உத்தரத்தில் புதிதாக அடித்த கொக்கி கண்ணில் பட்டது. தூளி கட்ட அடித்தது. நேர்கீழே பாயை விரித்துப் படுத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? கண்ணை மூடினால் கொக்கி கூடவே வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனாள். பழக்கதோஷத்தில் காலையில் ஊறப்போட்ட அரிசி, ஆட்ட ஆளில்லாமல் ஊறிக் கிடந்தது.

ஐந்து மணிக்கு மறுபடி அலுவலகத்தில் இருந்தாள்.

"என்னம்மா, திரும்பி வந்துட்ட?" என்றார் கோமதிநாயகம். "கதவு தொறக்கலியா?"

"தொறந்துச்சுண்ணே."

"பொறவு?"

"உங்க பங்குல நாளைக்கு உள்ள வேலை இருந்தா கொஞ்சம் குடுங்கண்ணே."

ஏழு மணிக்குத் தன் வாசலில் வந்து நின்றாள். முழுநாள் வீட்டின் கதவுக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அவளைக் கண்டதும் திறந்துகொண்டது. அவள் நுழையவில்லை.

"பொறுத்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். உள்ளே யாரும் இல்லை.