ஒரு துளிக் கண்ணாடியின் உயரம்

செவ்வாயின் இரண்டு நிலாக்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை.

அன்றும் பாக்கியமேரி காலைக் காப்பிக்கு முன்பாகவே உலையைத் திறந்து, உருகிய கண்ணாடியில் ஒரு துளியைத் தட்டில் விட்டாள். செவ்வாய் மண்ணுக்கடியில் குழாய்வீடுகளில் குடியிருக்கும் தொண்ணூறு குடும்பங்களும் வெயிலைப் பார்த்துப் பதினோரு வருடமாகிறது. பொதுக்கூடத்தின் கூரையில் ஒரே ஒரு ஜன்னல் கேட்டார்கள். உள்ளூர் மணலில் காய்ச்சிய கண்ணாடியின் பரப்பு இழுவிசை முந்நூறுக்கும் முந்நூற்றிருபதுக்கும் நடுவே இருந்தால்தான் அனுமதி என்றது பூமித் தலைமையகம். இரண்டு முறை நிராகரித்தாகிவிட்டது. மூன்றாவதும் தவறினால் ஜன்னல் என்ற பேச்சே கிடையாது.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. எடை துளியைத் தட்டையாக்கப் பார்க்கும்; இழுவிசை அதைக் குண்டாக இழுத்துப் பிடிக்கும். துளியின் உயரத்தை வைத்து இழுவிசையைச் சொல்லிவிடலாம்.

அளவன் என்கிற எந்திரன் குனிந்து பார்த்தது.

"எட்டு புள்ளி நாலு மில்லிமீட்டர், அக்கா. தலைமையகத்தோட படிவக் கணக்குப்படி எண்ணூத்தி முப்பது. இந்தத் தடவையும் ஃபெயில்."

"ஏல, படிவத்துல பூமியோட ஈர்ப்பைல்லா போட்டிருக்கான்! இங்க எடையே பாதிக்கும் கீழ. துளி நிமிந்து நிக்காம என்ன செய்யும்?"

"அந்தக் கட்டத்தை நாம தொடக்கூடாது. கேட்டு எழுதினதுக்கு, 'படிவம் எல்லாக் கிரகங்களுக்கும் பொது'ன்னு பதில் வந்திருக்கு."

பாக்கியமேரிக்குக் கல்லூரிச் செய்முறைத் தேர்வு ஞாபகம் வந்தது. அந்த வகுப்பில் ஊசலை ஆட்டிப் பார்த்தவர் ஒருவருமில்லை. முதலில் விடை, பிறகு அதற்கேற்ற அளவீடுகள். எல்லாரும் நூற்றுக்கு நூறு.

"விடையில இருந்து பின்னால வா. முந்நூத்திப் பத்துன்னு நட்டநடுவுல வைக்காத, சந்தேகம் வரும். முந்நூத்திப் பதினாறு வை. துளி எவ்வளவு உசரம் இருக்கணும்?"

"அஞ்சு புள்ளி ரெண்டு. ஆனா அது பொய்யாச்சே அக்கா."

"இதே துளியைப் பூமியில வச்சா எவ்வளவு நிக்கும்?"

அளவன் கணக்குப் போட்டது. மறுபடியும் போட்டது.

"அஞ்சு புள்ளி ரெண்டு..."

"பொறவு என்னல? எழுது."

அளவீட்டின் துல்லியத்துக்குப் பாராட்டுக் கடிதத்தோடு அனுமதி வந்தது. ஜன்னல் வைத்த அன்று தொண்ணூறு குடும்பங்களும் வெயிலில் நின்று அழுதன.

இப்போது அந்த ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறார்கள்; வெளிச்சம் பட்டு, டிவியில் சூரிய அஸ்தமனம் சரியாகத் தெரியவில்லையாம்.