பெர்சிவலை வெட்டச் சொன்னவன்

"வெட்டுங்க அதை!"

"வெட்ட மாட்டேன்!"

"இன்னிக்கே வெட்டணும். இப்பவே."

"என் மண்ணு, என் செடி. வெட்டச் சொல்ல நீங்க யாருங்க?"

"வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன்! காத்து வேலியைப் பார்த்து நின்னுடுமா?"

மான் புகாமல் கட்டிய வேலியின் கீழ்ப்பக்கம் மேரன் நின்றாள், கையில் தண்ணீர்க் குழாயோடு. மேல்பக்கம் பக்கத்துத் தோட்டக்காரன் ஆரின், பூட்ஸில் செம்மண்ணோடு. இரண்டு பேர் குரலும் ஓடையோடு இறங்கி டாட்டியின் கடைவரை வந்துவிட்டது. டாட்டி ரேடியோவை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். காலை நேரத்தில் இப்படி ஒன்று சும்மா கிடைக்கும்போது ரேடியோ எதற்கு?

சண்டையெல்லாம் பெர்சிவலைப் பற்றி.

பெர்சிவல் ஒரு செடி. மேரனின் தோட்டத்திலேயே உயரமான கஞ்சாச் செடி. மூக்கைச் சுளிக்க வேண்டாம். எங்கள் ஆரெகன் மலைகளில் டாக்டர் சீட்டு வைத்திருப்பவர்கள் தக்காளி போடுவதுபோல இதையும் போடுவார்கள். மேரனிடமும் சீட்டு இருந்தது. சியாட்டிலில் கட்டட வரைபடம் போட்டுப் போட்டு அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கி, பென்சில் பிடிக்கவே முடியாமல் போனபோது, வேலையை விட்டுவிட்டு ஏப்ரல் மாதம் இங்கே வந்து சேர்ந்தாள். தகரக் கூரை வீடு, சரிவு நிலம், சொந்த மருந்து, ஓய்வான வாழ்க்கை... இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே வலை ஊஞ்சல்கூடக் கட்டினாள். பாவம், அதில் அவள் படுத்ததை யாரும் பார்த்ததில்லை. குழாய் வெடிக்கும், எலி வேரைக் கடிக்கும், புழு விழும். ஓய்வாக வாழ வந்தவளுக்கு ஓய்வைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது.

பெர்சிவல் மட்டும்தான் அவளை ஏமாற்றவில்லை. மற்ற செடிகள் குட்டையும் குண்டுமாகப் புதர் கட்டியபோது, அவன் மட்டும் ஒல்லியாக, நிமிர்ந்து, வானத்தைப் பார்த்து வளர்ந்தான். காலையில் காபியோடு வந்து அவனிடம்தான் பேசுவாள்.

"அது ஆண் செடிங்க" என்றான் ஆரின், பல்லைக் கடித்துக்கொண்டு. "மகரந்தம் வெடிச்சா நம்ம ரெண்டு தோட்டமும் விதையாயிடும். விதை வந்தா பூவுல மருந்து நிக்காது."

"என் செடி உங்க செடியைவிட உயரம். அதானே உங்க வயித்தெரிச்சல்?"

"பொறாமையா? எனக்கா?"

அவன் வாயைத் திறந்தான். எதையோ சொல்ல வந்தான். சொல்லாமல் மூடிக்கொண்டான். அந்த ஒரு நொடியில்தான் மேரன் அவன் கண்களைப் பார்த்தாள். மர நிழல் விழுந்த ஓடைத் தண்ணீர்... பச்சையா, பழுப்பா? கோபத்தில் அவை இன்னும் தெளிவாகிவிட்டன. 'சண்டை போடும்போது இதையெல்லாமா பார்ப்பாங்க?' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு குழாயைத் திருகினாள். தண்ணீர் அவள் காலிலேயே விழுந்தது.

இதெல்லாம் ஜூலைக் கடைசியிலேயே தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். எங்கள் ஓடைக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. செடிகள் தாம் யாரென்று காட்டத் தொடங்கும் வாரத்தில் எல்லோரும் கூட்டமாகத் தோட்டம் தோட்டமாகப் போவோம். கணுவில் வெள்ளை முடி இரண்டு தெரிந்தால் பெண். குட்டிக் குட்டி உருண்டை தொங்கினால் ஆண், அன்றே வெளியே. ஒவ்வொரு வீட்டிலும் எலுமிச்சைச் சாறு, பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம், கொஞ்சம் வம்பு.

கூட்டம் மேரனின் கேட்டுக்கு வந்தபோது அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். 'பக்கத்து வீட்டுக்காரங்கதான் முதல் திருடங்க' என்று சியாட்டில் தோழி சொல்லி அனுப்பியிருந்தாள். "தலைவலி!" என்று உள்ளிருந்தே கத்திவிட்டாள். கூட்டம் அவளுக்கென்று கொண்டுவந்த பலகாரத்தையும் தூக்கிக்கொண்டு திரும்பிப் போயிற்று.

சண்டை முடிந்த கையோடு மேரன் பால் வாங்கக் கடைக்கு இறங்கினாள். உண்மையில், யாராவது தன் பக்கம் பேச மாட்டார்களா என்றுதான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல கண்ணு" என்றாள் டாட்டி, எல்லாவற்றையும் கேட்டவள். "ஆனா அவன் தனக்காகவா வளக்குறான்? அவன் ஒரு இழுப்பு இழுத்து நான் பார்த்ததில்ல."

"பின்ன?"

"லிஸ்ஸுக்கு. அவனோட அக்கா. கால் ரெண்டும் மரமா இறுகிப்போயிடும் அவளுக்கு. ராத்திரி பூரா அலறுவா. அந்தப் பூவுல அவன் எண்ணெய் காய்ச்சித் தர ஆரம்பிச்சப்புறம்தான் அந்த வீட்ல தூக்கம்னு ஒண்ணு வந்துச்சு. ஒரு வருஷத்து மருந்து, ஒரே அறுவடை." டாட்டி பாலை நகர்த்தினாள். "உன் செடி என்ன உயரம்னு சொன்ன?"

மேரன் சட்டென்று திரும்பி நடந்தாள். பாலையும் எடுக்கவில்லை.

மூச்சிரைக்க மேடேறி வந்து, வரைபடம் பார்க்கும் பெரிய லென்ஸை எடுத்துக்கொண்டு பெர்சிவலிடம் போனாள். வெள்ளை முடி... இல்லை. ஒவ்வொரு கணுவிலும் குட்டித் திராட்சைக் குலைபோல உருண்டைகள். தொட்டாள். மணிக்கட்டில் மெல்லிய மஞ்சள் தூள்.

'ஐயோ...'

பள்ளத்தாக்கில் மதியக் காற்று கீழேயிருந்து மேலே வீசும். அவள் தோட்டத்திலிருந்து அவன் தோட்டத்துக்கு. இலைகள் அசையத் தொடங்கியிருந்தன. மேரன் ரம்பத்தை எடுத்துத் தண்டில் வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"வெட்டாதீங்க!"

மேல் வரிசையிலிருந்து ஆரின் தலைதெறிக்க ஓடிவந்துகொண்டிருந்தான்.

"வெட்டுங்கன்னு நீங்கதானே கத்தினீங்க!"

"அது காலையில! அப்ப காத்தில்ல! இப்ப உலுக்கினா மொத்தமும் பறந்துடும்... பெட்ஷீட் இருக்கா? நனைச்சு எடுத்துட்டு வாங்க, ஈரத்துல தூள் பறக்காது!"

அவள் வீட்டுக்குள் ஓடினாள். கைக்குக் கிடைத்தது எலுமிச்சம்பழம் அச்சடித்த விரிப்பு. தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்ட இழுத்து வந்தாள். அவன் ஒரு முனை, அவள் ஒரு முனை. பெர்சிவலைச் சுற்றிச் சுற்றிப் போர்த்தினார்கள். அப்போதுதான் மலைக்குப் பின்னால் வானம் உறுமியது. ஆகஸ்டில் இடி மட்டும் இடித்து ஏமாற்றுகிற வானம், அன்று என்ன நினைத்ததோ... பெரிய பெரிய துளிகளாக மழை!

"விடாதீங்க" என்றான்.

"விடல..."

விரிப்பு காற்றில் தூக்கியது. அவள் விரல்களால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. அவன் கை வந்து அவள் கையின்மேல் மெதுவாக மூடிக்கொண்டது. செடியைச் சுற்றி இரண்டு பேர், நடுவில் ஒரு சாண் இடைவெளி. அவன் இமைகளில் மழைத்துளிகள் தொங்கின. ஒன்று விழுந்தது. அடுத்தது விழுமா என்று அவள் காத்திருந்தாள். மழையில் நனைந்த பைன் மர வாசனை... மண்ணின் சூடு ஆவியாக எழுந்து அவர்கள் முழங்காலைச் சுற்றியது. உலகத்தில் வேறு சத்தமே இல்லை.

"லிஸ்ஸுக்குன்னு ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னா பரிதாபப்படுவீங்க. அதுக்குச் சண்டையே தேவலாம்னு..."

"நல்லாத்தான் சண்டை போடறீங்க."

"நீங்க மட்டும்?"

சிரித்துவிட்டார்கள். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் விரிப்பைப் பிடித்துக்கொண்டே நின்றதாகக் கேள்வி. செடி எங்கும் ஓடிவிடாது என்று யாரும் போய்ச் சொல்லவில்லை.

பெர்சிவலை வேரோடு எடுத்து, சுருட்டி, புதைத்தாயிற்று. மேரனின் தோட்டம் முழுக்க விதை பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆரினின் தோட்டத்துக்கு எவ்வளவு பறந்தது? அதுதான் தெரியவில்லை. பூ முற்றும்வரை தினமும் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

"நானும் வந்து பாக்கறேன். என் தப்புதானே" என்றாள் மேரன்.

"சரி. நீங்க மேல் வரிசை பாருங்க. கீழ் வரிசை நான்" என்றான் ஆரின்.

அப்படித் தொடங்கியவை அந்தக் காலைகள். ஓடையிலிருந்து பனிமூட்டம் ஏறிவரும். பூக்கள் வெள்ளி தூவியதுபோல மின்னும். மேல் வரிசையில் ஒரு வைக்கோல் தொப்பி, கீழ் வரிசையில் ஒரு வைக்கோல் தொப்பி. இடையில் பேச்சு. லிஸ் தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, காபியை வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் கிண்டல் செய்வாள்.

"மேரன், எனக்கு ஒரு சந்தேகம். பெர்சிவல்னு ஆம்பள பேர் வெச்சப்பகூட உனக்குப் பொறி தட்டலையா?"

"அவனோட உயரத்தைப் பார்த்து வெச்சேன் லிஸ்..."

"டேய் ஆரின், கேட்டுக்கோ. இவளுக்கு உயரம்னா பிடிக்குமாம். கொஞ்சம் நிமிர்ந்து நில்லு!"

கீழ் வரிசைத் தொப்பி சட்டென்று குனிந்துகொள்ளும். காது மட்டும் சிவந்து தெரியும்.

"ஏதாவது இருக்கா?" என்று மேரன் கேட்பாள்.

"இதுவரைக்கும் இல்ல. நாளைக்கும் பாக்கணும்" என்பான்.

நாளைக்கும்... அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவள் அந்த நாள் முழுக்க ஓட்டிவிடுவாள்.

செப்டம்பர் முடியப் போகிறது. ஒரு காலை ஆரினின் ஆடு வேலிக் கம்பியில் கொம்பை மாட்டிக்கொண்டு கத்த, அவன் அங்கே போய்விட்டான். சும்மா நிற்பானேன் என்று மேரன் கீழ் வரிசையில் இறங்கி, வேலியோரத்துப் பூ ஒன்றைப் பிரித்தாள்.

உள்ளே வரிவரியாக, பழுப்பாக, பளபளவென்று ஒரு விதை. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த செடியிலும்...

தாழ்வாரத்தில் லிஸ் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க மேரனுக்குத் தைரியமில்லை. லென்ஸை அங்கேயே போட்டுவிட்டு வேலியைத் தாண்டி ஓடினாள்.

'ஒரு கேட்டைத் திறக்காம, ஒரு பொண்ணோட தூக்கத்தையே கெடுத்துட்டேன். என் கௌரவமும் நானும்! இனி எந்த முகத்தோட அங்க நிப்பேன்? அவன் கண்ணை எப்படிப் பார்ப்பேன்?'

பெட்டிகளைக் காரில் எறிந்தாள். மதியத்துக்குள் டாட்டி கடையைக் கடந்து போய்விடலாம் என்று கணக்கு. ஆனால் மண்பாதை வளைவில் குறுக்கே ஒரு பழைய டிரக் நின்றது. பக்கத்தில் ஆரின், கையில் அவள் போட்டுவிட்டுப் போன லென்ஸ், ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.

"வண்டியை எடுங்க ஆரின்."

"எடுக்க மாட்டேன்."

"விதையைப் பார்த்துட்டேன். கீழ் வரிசை பூரா..."

"தெரியும்."

"தெரியுமா?"

"எப்பவோ தெரியும். ஆகஸ்ட் முடியறதுக்குள்ளயே பார்த்துட்டேன்."

மேரனுக்குப் புரியவில்லை. "தினமும் இல்ல இல்லன்னு சொன்னீங்களே?"

"பொய்." அவன் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டான். மறுபடி கழற்றினான். "இருக்குன்னு சொன்னா நீங்க அன்னிக்கே பெட்டி கட்டியிருப்பீங்க. இப்பக் கட்டினாப்பல. இல்லன்னு சொன்னா... மறுநாளும் வருவீங்க. அதனாலதான் கீழ் வரிசைப் பக்கம் உங்களை விடல."

"லிஸ்ஸோட மருந்தை வெச்சா இப்படி விளையாடினீங்க!" அவள் குரல் உடைந்தது. "பாதி மருந்து போச்சே, அவ குளிர்காலத்துல என்ன செய்வா?"

"மேல் வரிசையில ஒரு விதை இருக்கா? சொல்லுங்க. தினமும் நீங்கதானே பார்த்தீங்க?"

மேரன் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"மழை காப்பாத்திடுச்சு. வேலியோரம் போனது போனதுதான். மேல் வரிசை லிஸ்ஸுக்குத் தாராளம். உங்க விரலுக்கும் சேர்த்தே போதும். லிஸ்ஸுக்கும் எல்லாம் தெரியும், பொய் சொல்றப்ப கொஞ்சம் இயல்பாச் சொல்லுடான்னு அவதான் தினமும் திட்டுவா..." அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த ஓடைக் கண்கள்... "போகாதீங்க மேரன். நீங்க வராத காலையை நினைச்சாலே எனக்கு என்னவோ பண்ணுது. எனக்கு உங்களை அவ்ளோ பிடிச்சிருக்கு."

காற்றில் தூசி அடங்கியது. மேரன் காரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"மேல் வரிசையில விதை விழலைன்னு எனக்கும் எப்பவோ நிச்சயமாயிடுச்சு. பாக்க வேண்டியதே இல்ல..." அவள் தரையைப் பார்த்தாள். "இருந்தாலும் வந்தேன். தினமும் வந்தேன்."

"எதுக்கு?"

"இதுகூடத் தெரியாதா உனக்கு?"

முதல்முறையாக 'நீ' என்று வந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் அவளுடைய வீங்கிய விரல்களைத் தன் மண் ஒட்டிய இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான், கிளிக்குஞ்சைப் பிடிப்பதுபோல. வளைவுக்குப் பின்னால் தபால் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை. தபால்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு சாண்ட்விச்சைப் பிரித்தான். மிச்ச விவரமெல்லாம் அவன் சொல்லித்தான் வந்தது.

அடுத்த ஜூனில் ஊர்க் கூடத்தில் கல்யாணம். மேரன் தன் சரிவு நிலத்தை போர்ட்லாந்திலிருந்து ஓய்வாக வாழ வந்த ஒரு தம்பதிக்கு விற்றாள். அவர்கள் ஒரே குளிர்காலத்தில் திரும்பிப் போய்விட்டார்கள். கல்யாணத்தில் பிடில் வாசிக்க வந்தவன் லிஸ்ஸின் நாற்காலியைச் சுழற்றிச் சுழற்றி ஆடினான். சோள அறுவடைக்குள் அவள் அவனையே கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை ஆரினும் மேரனும் எண்ணெய்ப் புட்டிகளை எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கடல் பார்த்துவிட்டு வருகிறார்கள்.