கீச்சை எடுத்த சாயங்காலம்

கிடார் கம்பியிலிருந்து கையை எடுத்த பிறகும் ஸ்பீக்கரில் ஒரு கீச்சு மிச்சமிருந்தது. நாதம் தேய்ந்து, மேசையின் அதிர்வு நின்று, குவளைத் தண்ணீரில் ஓடிய வளையங்கள்கூட அடங்கிவிட்டன. அது மட்டும் அடங்காமல், தகரத்தை ஆணியால் கீறினாற்போல இன்னும் கொஞ்சம் இழுத்து, மூச்சு வாங்கிக்கொள்வதுபோல நின்றது.

அவன் கிடாரை மடியில் சாய்த்துக் காது கொடுத்தான். வெளியே மழை. நனைந்த சுவரின் வாசனையும், சூடேறிய மின்கம்பிகளின் வாசனையும் அந்தச் சின்ன அறையில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. பக்கத்து அறையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதில் புதுசு ஒன்றுமில்லை. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பொழுது சாய்ந்தால் போதும், யாரோ கிள்ளிவிட்டதுபோல ஆரம்பிப்பாள். "வயித்துக் காத்துதான். தானா சரியாகிடும். அழுதா குழந்தை தேஞ்சா போயிடும்?" என்று டாக்டர் சிரித்திருந்தார். சிரித்தவர் வீட்டுக்குத் தூங்கப் போனார். இவனுக்கும் மனைவிக்கும் தூக்கம் போனது போனதுதான்.

அவன் மற்றவர்களின் பாட்டுக்குக் கிடார் வாசித்துக் கொடுப்பவன். பெரிய ஆம்ப்ளிஃபையர் எதுவும் அவனிடம் கிடையாது. செங்கல் அளவுள்ள ஒரு டிஜிட்டல் பெட்டி. அதற்குள்ளேயே எல்லா ஆம்ப் சத்தமும் அடக்கம். அதிலிருந்து வயர் போய் மேசைமேல் இருந்த இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்களில் சேரும். ஹெட்ஃபோனில் கேட்டால் தேன். ஸ்பீக்கரில் போட்டால் அதே டோன் ஊசி. மத்தியானம் அனுப்பிய வாசிப்பைக் கேட்டுவிட்டு, தாடி என்று எல்லாரும் கூப்பிடும் ஒலிப்பதிவாளன் போன் செய்திருந்தான்.

"தலைவா, வாசிப்பு பிரமாதம். டோன்தான் காதுல குத்துது. ஈக்வலைசர்ல அந்தக் கீச்சை எடுத்துட்டு அனுப்பு. இன்னைக்கே வேணும். வேற ஆளைப் பாத்துக்கலாமான்னு மியூசிக் டைரக்டர் பெரியவர் கேக்க ஆரம்பிச்சிட்டாரு."

கீச்சை எடுக்க ஒரு வழி உண்டு. முதலில் அதை எடுப்பதில்லை, ஏற்றிவிடுவது. ஒலியின் ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற, கம்ப்யூட்டரில் உள்ள ஈக்வலைசரில் ஒரு குறுகலான பட்டையை உச்சத்துக்குத் தூக்கி, கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எங்கே காது கூசுகிறதோ அங்கேதான் திருடன் இருக்கிறான். அங்கே பிடித்துக் கீழே அமுக்கிவிட வேண்டியதுதான்.

பதிவு செய்த வாசிப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பட்டையை நகர்த்தினான். நூறு ஹெர்ட்ஸில் பீப்பாய்போல உறுமியது. ஐந்நூறில் மூக்கடைத்தவன் பேச்சு. ஆயிரம், இரண்டாயிரம். மூவாயிரத்தைத் தாண்டியதும் அவன் கை நின்றது.

அழுகை.

அழுகை மாதிரி இல்லை. அழுகையேதான். கிடார் நாதத்துக்கு அடியில், விக்கி விக்கி, தொண்டை வறண்டு, ஒரு குழந்தை கத்திக்கொண்டிருந்தது. இடது ஸ்பீக்கரில் மட்டும். சுவர் வழியாகக் கிடாருக்குள் ஏறியிருக்கும் என்று நினைத்தான். ஆனால் ஓடிக்கொண்டிருந்தது மத்தியானம் பதிவு செய்தது. மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

யோசிக்கவில்லை, பட்டையைப் பிடித்து அடிமட்டம்வரை அமுக்கினான்.

டோன் மலர்ந்தது. அப்படியொரு சத்தம் அந்த ஸ்பீக்கர்களில் அவன் கேட்டதே இல்லை. கதகதப்பாக, வட்டமாக, நெய்யில் முக்கினாற்போல. வாசிப்பை நிறுத்தியபோதுதான் கவனித்தான். வீடே அமைதியாக இருந்தது. மழை மட்டும்.

மனைவி கதவோரம் வந்து நின்றாள். சீவாத தலை, ஒருபக்கம் நனைந்த நைட்டி, கண்ணுக்குக் கீழே கரி.

"அழுகையை நிறுத்திட்டா," என்றாள், நம்ப முடியாதவள்போல. "சட்டுனு நிறுத்திட்டா. கண்ணு சொக்கிடுச்சு போல. நான் கொஞ்ச நேரம் தலையைச் சாய்க்கிறேன். சத்தம் போடாதீங்க."

"போய்ப் படு. நான் பாத்துக்கறேன்."

அவள் கூடத்துச் சோபாவில் விழுந்த அடுத்த நிமிடமே குறட்டை வந்தது. எத்தனையோ நாளாயிற்று, அவள் அப்படித் தூங்கி.

தண்ணீர் எடுக்கப் போனவன், போகிற போக்கில் தொட்டிலை எட்டிப் பார்த்தான்.

குழந்தை தூங்கவில்லை. முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது. வாய், அதனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறந்திருந்தது. உள்ளே குட்டி நாக்கு துடித்தது. முஷ்டி இரண்டும் காற்றை அடித்தன. குனிந்தான். பால் வாசனையோடு சூடான மூச்சு அவன் கன்னத்தில் மோதியது. மோதியது. மறுபடியும் மோதியது. அழுகை நடந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அவன் ஓடினான். மேசைக்கு வந்து மவுஸைப் பிடித்தான். பட்டையை மேலே தூக்கினால் போதும். அவனுக்கு அது தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் தெரிந்திருந்தது.

விரல் அழுத்தவில்லை.

கூடத்தில் மனைவியின் குறட்டை. ஸ்பீக்கரில் அந்த டோன், வா வா என்று காத்திருந்தது. பட்டையைத் தூக்கினால் இரண்டுமே போய்விடும். ஒரே ஒரு தடவை வாசித்துப் பதிவு செய்துவிட்டால் என்ன? அழுதால் குழந்தை தேய்ந்தா போய்விடும், டாக்டரே சொன்னார். எப்படியும் அழத்தான் போகிறாள். யாருக்கும் கேட்காமல் கொஞ்சம் அழட்டுமே.

எழுந்து போய்த் தொட்டில் அறையின் கதவைச் சாத்தினான். பூனைபோல, தாழ்கூடச் சத்தம் போடாமல்.

வாசித்தான். ஒரு தடவை வாசித்தது இன்னொரு தடவை ஆனது. விரல்கள் அவன் சொன்னதற்கு மேலேயே கேட்டன. நடுவில் ஒருமுறை மூடிய கதவின் நினைப்பு வந்தது. ஒலியைக் கொஞ்சம் கூட்டினான், நினைப்பு போய்விட்டது. ஜன்னல் இருட்டியது. அனுப்பினான். தாடி உடனே கூப்பிட்டான்.

"யப்பா! என்ன பண்ணித் தொலைச்சே? பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருக்காரு. இந்த செட்டிங்கை மாத்தாதே தலைவா. இனிமே உனக்கு இதுதான்."

போனை வைத்துவிட்டு, அவன் பட்டையைத் தூக்கினான். ஏற்றாமலும் அமுக்காமலும், சரியாக நடுக்கோட்டுக்கு.

மூடிய கதவுக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.

இடது ஸ்பீக்கர் அழுதது.

கிடாரின் வால்யூமை அடைத்தான். அழுதது. டிஜிட்டல் பெட்டியை அணைத்தான். அழுதது. ஸ்பீக்கரின் சுவிட்சைத் தட்டி, பிளக்கைப் பிடுங்கி, பின்னாலிருந்த வயரையும் உருவினான். வெறும் பெட்டி. கையில் தொங்கும் வயர். அழுகை நிற்கவில்லை. அவ்வளவு நேரமும் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து, நெஞ்சு வெடிக்க, குழந்தையின் குரலில், அவளுடைய குரலேதான்.

கூடத்தில் சோபா கிறீச்சிட்டது.

"வந்துட்டேன்டா... அம்மா வந்துட்டேன்..."

மனைவி தள்ளாடிக்கொண்டு வந்தாள். தொட்டில் அறைப் பக்கம் திரும்பவே இல்லை. அவனைத் தாண்டினாள். அழுகை கேட்டதுமே பால் சுரந்து நைட்டியின் முன்பக்கம் முழுக்க ஈரமாகிவிட்டிருந்தது. மேசைக்குக் குனிந்து, கனமான அந்தக் கறுப்புப் பெட்டியை, கழுத்துக்கு அடியில் ஒரு கை கொடுப்பதுபோல அடியில் கை கொடுத்து, வாரி எடுத்தாள்.

"ஏய்... அது ஸ்பீக்கர்!"

"கத்தாதீங்க. ஏற்கனவே பயந்து போயிருக்கா. எவ்வளவு நேரமா அழவிட்டீங்க?"

தரையில் உட்கார்ந்து, பெட்டியை மார்போடு அணைத்து, பொத்தானை அவிழ்த்தாள். அழுகை தேம்பலானது. தேம்பல் விம்மலானது. பிறகு சப்புகிற சத்தம்.

அவன் கதவைத் திறந்து தொட்டிலிலிருந்து குழந்தையை அள்ளினான். லேசாக இருந்தாள். முன்பு தூக்கியதைவிட லேசாக. உடம்பு அனலாகக் கொதித்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் உயிர் இருந்தது, கண் திறந்திருந்தது. ஓடிவந்து மனைவியின் முன்னால் மண்டி போட்டான்.

"இதப் பாரு. நம்ம குட்டி இது. இங்க பாரு. கையில வாங்கு!"

அவள் நிமிர்ந்தாள். அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள். முகம் சுளித்தது. மடியில் இருந்த பெட்டியை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டிப் பின்னால் நகர்ந்தாள்.

"என்னது அது? எதுக்கு அதை வீட்டுக்குள்ள கொண்டு வந்தீங்க? வெளியே போடுங்க. குழந்தை இருக்கிற இடம்."

அவன் கையில், குழந்தை பால் வாசனை வந்த பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

மனைவி அதற்குள் அவர்களை மறந்துவிட்டிருந்தாள். பெட்டியின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி ஆடிக்கொண்டிருந்தாள். அதன் முன்பக்கத்து வட்டமான கறுப்புத் தோலில் பால் வழிந்து சொட்டியது. எந்த வயரும் இணைந்திராத அந்தத் தோல், வயிறு நிறைந்து தூங்குகிற ஒன்றின் மார்பைப்போல, மெல்ல உப்பியது. மெல்ல அமுங்கியது. மெல்ல உப்பியது.